வெள்ளை எலியும் ஆல்பர்ட்டும்: உளவியலைப் புரட்டிப்போட்ட ஜான் வாட்சன் யார்?

உளவியல் முதலாமாண்டுப் பாடப்புத்தகம் எதைப் புரட்டினாலும் ஒரு கொழுகொழு குழந்தை கட்டாயம் வரும். பெயர் ஆல்பர்ட். முன்னால் ஒரு வெள்ளை எலி. பின்னால் ஒருவர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார். குழந்தை அலறுகிறது.

1920இல் வெளியான இந்தச் சோதனையைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதியவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். ஆனால், அதை நடத்தியவர் அதே ஆண்டில் பேராசிரியர் வேலையை இழந்தார், விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து பல மடங்கு சம்பாதித்தார், பிறகு பிள்ளையைக் கொஞ்சாதீர்கள் என்று அமெரிக்கத் தாய்மார்களுக்குப் பாடம் எடுத்தார் என்பதெல்லாம் அந்த ஐந்து மார்க்கில் வராது. அவர்தான் ஜான் பிராட்டஸ் வாட்சன்.

கண்ணால் பார்க்க முடிந்ததை மட்டும் நம்புங்கள் என்று உளவியலுக்கு ஒரு கறாரான விதியைக் கொண்டுவந்தவர் இவர். அந்த விதியை அவரே எவ்வளவு தூரம் கடைப்பிடித்தார் என்பதில்தான் இந்தக் கதையின் சிக்கல் இருக்கிறது.

பாதிரியார் ஆகியிருக்க வேண்டியவர்

அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்தில், கிரீன்வில் நகருக்கு அருகே உள்ள டிராவலர்ஸ் ரெஸ்ட் என்ற ஊரில் 1878 ஜனவரி 9 அன்று வாட்சன் பிறந்தார். அம்மா எம்மா தீவிரமான பாப்டிஸ்ட் பக்தை. மகன் போதகர் ஆக வேண்டும் என்ற ஆசையில், அப்போது பிரபலமாக இருந்த பிராட்டஸ் என்ற போதகரின் பெயரையே வைத்தார். அப்பாவோ அதற்கு நேரெதிர். குடி, ஊர்சுற்றல். வாட்சனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது குடும்பத்தை விட்டே போய்விட்டார்.

பையன் அடிதடிக்குப் போனான். பள்ளி நாட்களில் இரண்டு முறை போலீஸ் பிடித்தது. ஒருமுறை ஊருக்குள் துப்பாக்கியால் சுட்டதற்காக. அப்படிப்பட்டவர் 16 வயதில் ஃபர்மன் கல்லூரியில் சேர்ந்து, ஐந்து ஆண்டுகளில் முதுகலைப் பட்டத்தோடு வெளியே வந்தார். 1900இல் அம்மா இறந்தார். போதகர் கனவும் அதோடு முடிந்தது. அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு ரயில் ஏறினார்.

கையில் காசில்லை. விடுதியில் சாப்பாடு பரிமாறினார், கூட்டிப் பெருக்கினார், லேபில் வெள்ளை எலிகளுக்குத் தீனி வைத்தார். அந்த எலிகளையே ஆய்வுப் பொருளாக எடுத்து, 1903இல் 25 வயதில் முனைவர் பட்டம் வாங்கினார். சிகாகோவில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் அதை வாங்கியதில்லை.

மனசுக்குள் நடப்பதை யார் பார்த்தது?

வாட்சன் எதை எதிர்த்தார் என்று புரிய, அன்றைய உளவியல் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அங்கிருந்துதான் உளவியல் தனித் துறையானது என்பார்கள். ஒரு மெட்ரோனோமை ஓடவிட்டு, அதன் டிக் டிக் சத்தம் கேட்கும்போது உள்ளே என்ன உணர்வு எழுகிறது என்று பயிற்சி பெற்றவர்களிடம் கேட்பது அங்கே நடந்த வேலைகளில் ஒன்று. தன் மனதைத் தானே கவனித்துச் சொல்லும் இந்த முறைக்கு அகநோக்கு என்று பெயர். வுண்டின் மாணவர் எட்வர்ட் டிட்ச்னர் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிப்பதுபோல மன அனுபவத்தைச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. இது அமைப்புவாதம்.

மனம் எதனால் ஆனது என்பதை விடுங்கள், அது எதற்குப் பயன்படுகிறது என்று பாருங்கள் என்றது இன்னொரு கூட்டம். வில்லியம் ஜேம்ஸ் வழிவந்த இது செயல்பாட்டுவாதம். சிகாகோ இதன் கோட்டை. வாட்சனின் வழிகாட்டி ஜேம்ஸ் ஏஞ்சல் அதன் முக்கியப் புள்ளி. வியன்னாவில் ஃப்ராய்டு ஆழ்மனம், கனவு என்று வேறொரு பாதை போட்டுக்கொண்டிருந்தார்.

அகநோக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இருவர் ஒரே சோதனையைச் செய்துவிட்டு வேறு வேறு அனுபவங்களைச் சொன்னால் எது சரி? ஒருவர் மனதுக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. உருவமே இல்லாத எண்ணம் என்று ஒன்று உண்டா என்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்களும் டிட்ச்னரும் மோதினார்கள். பஞ்சாயத்துக்கு வழியே இல்லை. எதிராளிக்குப் பயிற்சி போதாது என்று சொல்வதோடு விவாதம் நின்றுபோனது.

வாட்சனுக்கு இந்தத் தலைவலி எலிகளின் வழியாக வந்தது. 1907இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வு, இன்றைக்குப் படித்தாலும் வயிற்றைப் பிசையும். எலி புதிர்ப்பாதையில் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று அறிய, சில எலிகளின் கண்ணை எடுத்தார், சிலவற்றின் காதைச் செயலிழக்க வைத்தார், சிலவற்றின் மோப்ப உணர்வை நீக்கினார், மீசை முடியையும் வெட்டினார். அப்படியும் எலிகள் வழியைக் கற்றுக்கொண்டன. உடல் அசைவின் உணர்வே அவற்றுக்கு வழிகாட்டுகிறது என்று முடிவு செய்தார். அடுத்து அவரும் ஹார்வி காரும், எலிக்கு நன்கு பழகிய பாதையின் நீளத்தைச் சட்டென்று குறைத்தார்கள். ஓடிவந்த எலி நேராகச் சுவரில் போய் மோதியது. பழக்கம் எவ்வளவு இயந்திரத்தனமானது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி கிடைக்காது.

முதல் ஆய்வுக்குக் கொடூரம் என்று அப்போதே பத்திரிகைகளில் எதிர்ப்பு வந்தது. வாட்சனுக்கு எரிச்சலூட்டியது வேறொரு விஷயம். இப்படி ஒரு சோதனையைச் செய்து முடித்த பிறகும், அந்த நேரத்தில் எலியின் உணர்வு எப்படி இருந்திருக்கும் என்று கட்டுரைக் கடைசியில் ஊகித்து எழுத வேண்டும் என்பது அன்றைய வழக்கம். எலியிடம் போய் யார் கேட்பது? கேட்காமலே எலியைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறதென்றால், மனிதனிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

1913: ஒரு சொற்பொழிவு

1908இல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வாட்சனைப் பேராசிரியராக அழைத்தது. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே துறைத் தலைவர் ஜேம்ஸ் மார்க் பால்ட்வின், விபச்சார விடுதியில் நடந்த ரெய்டில் சிக்கியதால் பதவி விலக நேர்ந்தது. துறையும், அவர் நடத்திய முக்கியமான ஆய்விதழின் ஆசிரியர் பொறுப்பும் முப்பதே வயதான வாட்சனிடம் வந்தன. இந்தக் காட்சியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பேராசிரியரின் அந்தரங்கம் வெளியே வந்தால் அந்தப் பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்பதை வாட்சன் கிட்டத்தில் இருந்தே பார்த்திருந்தார்.

1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை, அதே ஆண்டு அந்த ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. சாரம் இதுதான்: உளவியல் ஓர் இயற்கை அறிவியல். நடத்தையை முன்கூட்டிக் கணிப்பதும் கட்டுப்படுத்துவதும் அதன் வேலை. அகநோக்குக்கு இடமில்லை. மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே கோடு கிழிக்கத் தேவையில்லை. நடத்தைவாதம் என்ற பள்ளி இப்படித்தான் பிறந்தது.

ஒரே நாளில் எல்லோரும் இவர் பின்னால் வந்துவிடவில்லை. ஆனால், இளம் ஆய்வாளர்களுக்கு இது பிடித்திருந்தது. இரண்டே ஆண்டில், 1915இல், அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். ரஷ்யாவின் பாவ்லோவ், நாய்களின் ஜீரணத்தை ஆராய்ந்து நோபல் வாங்கியவர், மணிச் சத்தம் போன்ற சம்பந்தமில்லாத தூண்டலுக்கும் நாய்க்கு எச்சில் ஊற வைக்கலாம் என்று காட்டியிருந்தார். வாட்சன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாய்க்கு எச்சில் என்றால், மனிதக் குழந்தைக்குப் பயம்.

ஆல்பர்ட்

மருத்துவமனையில் மற்றக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் தாயாக வேலை பார்த்த ஒரு பெண்ணின் மகன் ஆல்பர்ட். கட்டுரையில் கொடுக்கப்பட்ட பெயர் அது. எதற்கும் லேசில் அழாத குழந்தை. வாட்சன் அவனைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். சோதனையில் உடன் இருந்தவர் ரோசலி ரேனர் என்ற இளம் முதுகலை மாணவி.

ஒன்பது மாத வயதில் எலி, முயல், நாய், குரங்கு, முகமூடி, எரியும் காகிதம் என்று வரிசையாகக் காட்டினார்கள். எதற்கும் பயப்படவில்லை. கம்பியை அடிக்கும் சத்தத்துக்கு மட்டும் அழுதான். பதினோரு மாதத்தில் இரண்டையும் சேர்த்தார்கள். எலியைத் தொடப் போகும்போது ஒரு அடி. முதல் நாள் இரண்டு முறை, ஒரு வாரம் கழித்து ஐந்து முறை, மொத்தம் ஏழு. அதன்பின் எலியை மட்டும் காட்டியதும் ஆல்பர்ட் அழுதபடி திரும்பி, வேகவேகமாகத் தவழ்ந்தான். மேஜை விளிம்பில் அவனைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஐந்து நாள் கழித்து முயலுக்கும் நாய்க்கும் ரோமக் கோட்டுக்கும்கூட மிரண்டான். பயம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று வாட்சன் அறிவித்தார்.

பாடப்புத்தகம் பொதுவாக இங்கே நிறுத்திவிடும். மூலக் கட்டுரையோ இவ்வளவு சுத்தமாக இல்லை. பயம் சீக்கிரமே மங்கியதால் மறுபடி கம்பியை அடித்துப் புதுப்பித்தார்கள். இந்த முறை முயலோடும் நாயோடும் சேர்த்தே அடித்தார்கள். அப்படியென்றால் முயல்மீதான பயம் எலியிடமிருந்து தாவி வந்ததா, நேரடியாகவே கற்றுக்கொடுக்கப்பட்டதா? சொல்ல முடியாது. கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தால் ஆல்பர்ட் எதற்கும் பயப்படவில்லை. ஆகவே பயத்தைப் பார்ப்பதற்காக அந்த விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துச் செய்த டெஸ்டில் பயம் இருந்தது, ஆனால் குறைந்திருந்தது.

சோதிக்கப்பட்டது ஒரே ஒரு குழந்தை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழந்தை இல்லை. அழுகையை அளக்கக் கருவி இல்லை. பயந்தானா இல்லையா என்று தீர்மானித்தது சோதனையை நடத்தியவர்களின் கண்தான். அகநோக்கைக் கிழித்துத் தொங்கப்போட்ட ஒருவருக்கு இது ரொம்பவே பலவீனமான சாட்சி.

இன்னொன்று கூடுதலாக உறுத்துகிறது. குழந்தை எப்போது மருத்துவமனையை விட்டுப் போகப்போகிறது என்று ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே அவர்களுக்குத் தெரியும். பயத்தை நீக்க என்ன செய்யலாம் என்று கட்டுரையில் யோசனைகளை எழுதினார்கள். ஒன்றையும் செய்து பார்க்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் தன் முதல் நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டது 1953இல்தான். இருந்தாலும், அழும் குழந்தையைத் தேற்ற வேண்டும் என்பதற்குத் தொகுப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

வகுப்பறையிலிருந்து விளம்பரத்துக்கு

1920 பிப்ரவரியில் கட்டுரை வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாம் கலைந்தது. வாட்சனுக்கும் ரேனருக்கும் காதல். வாட்சன் எழுதிய கடிதங்கள் மனைவி மேரியின் கைக்குக் கிடைத்தன. பல்கலைக்கழகம் ராஜினாமா கேட்டது. விவாகரத்துச் செய்தி பத்திரிகைகளில் நாறியது. விவாகரத்து முடிந்த கையோடு ரேனரை மணந்தார். வேறு எந்தப் பல்கலைக்கழகமும் பேராசிரியர் வேலை தரவில்லை.

நியூயார்க்கில் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் வேலை, மிசிசிப்பி நதிக்கரை ஊர்களில் சுற்றி, ரப்பர் பூட்ஸை மக்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று விசாரிப்பது. பிறகு மேசிஸ் கடையில் சுமார் இரண்டு மாதம் கவுன்ட்டரில் நின்று பொருள் விற்றார். நாட்டின் உளவியல் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர்! அவர் அதைக் கேவலமாக நினைக்கவில்லை. வாங்குபவர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன செய்கிறார் என்று பார்க்கக் கிடைத்த வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டார். பிராண்ட் தெரியாமல் சிகரெட்டைக் கொடுத்துச் சோதித்தபோது, புகைப்பவர்களால் தாங்கள் சத்தியம் செய்யும் சொந்த பிராண்டையே அடையாளம் காண முடியவில்லை. இன்றைய மார்க்கெட்டிங் ஆட்களுக்கு இது பழகிய கதை. 1924இல் நிறுவனத்தின் துணைத் தலைவரானார்.

நவீன விளம்பரத்தையே வாட்சன்தான் கண்டுபிடித்தார் என்று இணையத்தில் சிலர் எழுதுவது கொஞ்சம் ஓவர். பிரபலங்களை வைத்து விற்பது, பயத்தைக் கிளப்பி விற்பது இரண்டுமே அவருக்கு முன்பே இருந்தவை. அறிவியல் முத்திரை குத்திய முகம் ஒன்று தங்களிடம் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள நிறுவனத்துக்கு அவர் பயன்பட்டார்.

பயத்தைப் போக்கிய பெண்

ஆல்பர்ட்டுக்குச் செய்யாமல் விட்டதை வேறொருவர் செய்தார். ரேனரின் கல்லூரித் தோழி மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் நடுங்கும் பீட்டர் என்ற சின்னப் பையனை எடுத்துக்கொண்டார். இவன் பயத்தை யாரும் செயற்கையாக உண்டாக்கவில்லை. பையன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது அறையின் மறுகோடியில் கூண்டோடு முயலை வைப்பது, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது. பயப்படாத பிள்ளைகளையும் பக்கத்தில் விளையாடவிட்டார். கடைசியில் பீட்டர் ஒரு கையால் முயலைத் தடவினான்.

1924இல் வெளியான இந்த ஆய்வுக்கு வாட்சன் ஆலோசனை தந்தார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பயப்படும் பொருளைப் படிப்படியாக நெருங்க வைத்து இன்று மருத்துவமனைகளில் தரப்படும் சிகிச்சைக்கு முன்னோடி இதுதான். ஜோன்ஸுக்கு நடத்தைச் சிகிச்சையின் தாய் என்ற பட்டம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. ஆல்பர்ட்டுக்குப் பாடப்புத்தகத்தில் ஒதுக்கும் இடத்தில் பாதியாவது பீட்டருக்குக் கொடுத்திருக்கலாம்.

கொஞ்சாதீர்கள்!

வாட்சன் எழுதியதை நிறுத்தவில்லை. ஆரோக்கியமான ஒரு டஜன் குழந்தைகளைக் கொடுத்தால், அவர்களின் பரம்பரை எதுவாக இருந்தாலும் டாக்டராகவோ வக்கீலாகவோ திருடனாகவோ ஆக்கிக் காட்டுவேன் என்ற பொருளில் அவர் விட்ட சவால் 1920களில் வந்தது. பிறப்பும் இனமுமே மனிதனைத் தீர்மானிக்கின்றன என்று சொல்லி அமெரிக்கா குடியேற்றச் சட்டங்களை இறுக்கிய காலம் அது. அந்தச் சூழலில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறேன் என்று அந்த இடத்திலேயே அவர் ஒப்புக்கொண்டும் இருக்கிறார். எதிர்த்தரப்பும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைத்தானே செய்கிறது என்பது அவர் வாதம். மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பகுதியை வெட்டிவிடுவது வழக்கம்.

1928இல் ரேனரின் உதவியோடு வந்த குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் அப்படிப்பட்ட தயக்கத்தைப் பார்ப்பது கஷ்டம். பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் தூங்கப் போகும்போது நெற்றியில் ஒரே ஒரு முத்தம். காலையில் கைகுலுக்குங்கள். பிள்ளையை அடிக்கக் கூடாது என்றும், பாலியல் விஷயங்களை ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றும் அதே புத்தகத்தில் இருந்தது. மக்கள் மனதில் நின்றது முத்தத் தடைதான். எத்தனை குழந்தைகளைக் கொஞ்சாமல் வளர்த்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்? அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. புத்தகம் மட்டும் அமோகமாக விற்றது.

வீட்டில் இரண்டு மகன்கள் இதே முறையில் வளர்ந்தார்கள். 1930இல் ரேனர் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், கணவரின் கொள்கையில் எல்லாவற்றுக்கும் தன்னால் உடன்பட முடியவில்லை என்று சிரித்தபடியே சொல்லிவிட்டார். 1935இல், நாற்பது வயதுகூட ஆகாமல், வயிற்றுக்கடுப்பால் இறந்தார். வாட்சன் அதிலிருந்து மீளவில்லை. குடி கூடியது. அடுத்த ஆண்டு எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையில், அந்தக் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை எழுதப் போதுமான அறிவு தனக்கு இருக்கவில்லை என்று வருத்தப்பட்டார்.

மூத்த மகன் மனநல மருத்துவரானார், அதுவும் அப்பா வெறுத்த ஃப்ராய்டு வழியில். பின்னாளில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இளைய மகன், அப்பாவிடம் பாசத்தின் வெளிப்பாட்டையே பார்த்ததில்லை என்று வயதான காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். முதல் மனைவி வழிப் பேத்தியான நடிகை மாரியெட் ஹார்ட்லி, தன் அம்மா பட்ட பாட்டுக்குத் தாத்தாவின் கொள்கைகளைக் குற்றம்சாட்டிப் புத்தகமே எழுதினார். குடும்பத்தின் எல்லாத் துயரத்துக்கும் வளர்ப்பு முறைதான் காரணம் என்று நாம் சொன்னால், ஒரே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு வாட்சன் செய்த தவறையே நாமும் செய்தவர்களாவோம். அதே சமயம், பிள்ளைகள் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது.

நெருப்பில் போனவை

வாட்சனின் கடைசி ஆண்டுகள் கனெக்டிகட்டில் ஒரு பண்ணையில் கழிந்தன. உளவியல் உலகில் அவர் போட்ட பாதையை ஸ்கின்னர் இன்னும் தூரம் கொண்டுபோயிருந்தார். 1957இல் அமெரிக்க உளவியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அறிவித்தது. பதக்கம் வாங்க நியூயார்க் வரை போனவர், விழா மேடைக்கு மட்டும் போகவில்லை. எல்லோர் முன்பும் அழுதுவிடுவோமோ என்ற பயம். மகனை அனுப்பினார். உணர்ச்சியைக் காட்டாதீர்கள் என்று நாட்டுக்கே சொன்னவருக்கு அந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது.

1958 ஆகஸ்டில் அதே சங்கத்தின் தலைவராக ஹாரி ஹார்லோ ஓர் உரை ஆற்றினார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகள், பால் தரும் கம்பி பொம்மையைவிட, பால் தராத மெத்தென்ற துணி பொம்மையைத்தான் அதிக நேரம் கட்டிக்கொண்டிருந்தன என்று காட்டினார். அணைப்பு வெறும் கெட்ட பழக்கம் இல்லை, அது அடிப்படைத் தேவை என்பதை வாட்சனின் சொந்த ஆயுதமான விலங்குச் சோதனையே சொன்னது. அடுத்த மாதம், செப்டம்பர் 25 அன்று, வாட்சன் 80 வயதில் இறந்தார்.

இறப்பதற்கு முன் தன்னிடம் இருந்த கடிதங்களையும் வெளியிடாத கையெழுத்துப் பிரதிகளையும் எரித்துவிட்டார். அதனால் ஆல்பர்ட்டைத் தேடுவது துப்பறியும் வேலையானது. 2009இல் ஓர் ஆய்வுக் குழு பழைய மருத்துவமனைப் பதிவுகளைத் துருவி, இவன்தான் ஆல்பர்ட் என்று ஒரு குழந்தையை முன்வைத்தது. அந்தக் குழந்தை மூளையில் நீர் கோத்து, ஆறு வயதில் இறந்திருந்தது. 2014இல் இன்னொரு குழு, அவன் இல்லை என்று வேறொருவரைக் காட்டியது. பெயரும் உடல் எடையும் இவருக்குத்தான் நன்றாகப் பொருந்துகின்றன. இவர் 2007 வரை, 87 வயது வாழ்ந்தவர். தான் ஆல்பர்ட்டாக இருக்கலாம் என்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்தார். அவருக்கு வாழ்நாள் முழுவதும் நாய் என்றால் ஆகாது என்று உறவினர் ஒருவர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்.